மழை வேண்டாம் என்று எழுதியவர்

1982 ஜனவரியில் ஆரணி பாவடித் தெருவின் கடைசி வீட்டில் வானிலைத் தொடர்பு அலுவலகம் திறக்கப்பட்டது. வானிலைக்கும் பொதுமக்களுக்கும் இடையே தொடர்பு இல்லாததை அரசு கவனித்திருந்தது. அலுவலகத்தில் ஓர் அதிகாரி, ஓர் எழுத்தர், இரண்டு மேசைகள், ஒரு மழைமானி. மழைமானி திருட்டுப் போகக் கூடாது என்று அதை ஒரு தகரக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டினார்கள். அதன் பிறகு அது நனையவில்லை.

திறப்பு விழாவில் அதிகாரி திருமலை பேசினார். "சூரியன் வெப்பம் தருகிறது. கடல் ஆவி தருகிறது. காற்று அதைச் சுமந்து வருகிறது. இந்த மூவரும் இத்தனை காலம் எந்த மேற்பார்வையும் இல்லாமல் வேலை செய்துவந்தார்கள். இனி அப்படி நடக்காது."

தெரு கைதட்டியது.

பாவடித் தெருவில் அலுவலகம் போக நாற்பத்திரண்டு வீடுகள். எல்லா வீட்டிலும் பட்டுத் தறி. தறியில் ஏற்றுவதற்கு முன், புடவையின் நீளவாக்கு இழைகளான பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவி உலர்த்த வேண்டும். விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேர வேலை. அந்த நேரத்தில் மழை வந்தால் கஞ்சி கரையும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும். பிறகு அதைப் பிரிக்க முடியாது. தெரு ஒன்றுதான் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு வீடு. எந்த நாள் எந்த வீட்டுக்கு என்று முறை எழுதி வைத்தவர் தனகோடி. நாற்பத்தைந்து வயது. கையெழுத்து நன்றாக இருந்ததால் அந்த வேலை அவரிடம் வந்தது. அப்போது அவர்மேல் வேறு குற்றம் இல்லை.

அலுவலகம் திறந்த முதல் வெள்ளிக்கிழமை தனகோடி அங்கே போனார். வரும் வாரம் காலையில் மழை வருமா என்று கேட்டார். ஆரூடம் சொல்ல இது கோயில் இல்லை என்றார் திருமலை. இங்கே கேள்விக்கு இடமில்லை, கோரிக்கைக்குத்தான் இடம். அச்சிட்ட படிவம் ஒன்றைக் கொடுத்தார். அதில் 'மழை வேண்டும் / மழை வேண்டாம், தேவையற்றதை அடிக்கவும்' என்று இருந்தது. கீழே தேதிக்கு ஒரு கட்டம்.

தனகோடி 'வேண்டும்' என்பதை அடித்தார். ஏழு தேதிகளை எழுதினார். நேரத்துக்குக் கட்டம் இல்லை. ஆகவே ஓரத்தில், 'காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும்' என்று எழுதினார்.

எழுத்தர் இன்னாசிமுத்து படிவத்தை வாங்கினார். "ஓரத்துல எழுதாதீங்க. ஓரம் ஆபீசுக்கு" என்றார். ஓரத்தில் துளையிட்டு, நாடா கோத்து, கோப்பில் கட்டினார். துளை நேரத்தின்மேல் விழுந்தது.

அந்த வாரம் மழை இல்லை. ஜனவரியில் ஆரணியில் மழை இருக்காது.

பாவு நல்லபடியாக உலர்ந்தால், உதவியவர்களுக்கு மறுநாள் வெற்றிலை பாக்கு கொடுப்பது அந்தத் தெருவின் வழக்கம். கஞ்சி காய்ச்சியவருக்கு, இழை நீவியவருக்கு, அந்த நேரத்தில் வண்டியைத் திருப்பி வேறு தெரு வழியாக ஓட்டிப்போனவருக்கும். தொந்தரவு செய்யாமல் இருப்பதும் அங்கே உதவிதான். கேட்ட நாட்களில் மழை வரவில்லை என்றால் அலுவலகமும் உதவியிருக்கிறது. தனகோடி தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துப்போனார். திருமலை எடுத்துக்கொண்டார். வாய்வழி நன்றியைப் பதிவுசெய்ய முடியாது என்றும் சொன்னார். தனகோடி எழுதிக்கொடுத்தார்: 'எங்கள் கோரிக்கைப்படி மழை பெய்யாமல் செய்து கொடுத்தமைக்கு நன்றி.'

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு நன்றிக் கடிதம். மழை வேண்டும் என்று கேட்க வேண்டிய விவசாயிகள் படவேட்டுப் பக்கம் இருந்தார்கள். அங்கிருந்து வரும் பஸ் ஆரணி வந்துசேரும் நேரத்தில் அலுவலகம் மூடியிருக்கும். ஆகவே கோப்பில் ஒரு வகைக் கோரிக்கைதான் சேர்ந்தது.

ஜூனில் மழை வரவில்லை. ஆகஸ்டில் வரவில்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக வானொலி சொன்னது. ஆரணிக்கு அது வரவில்லை. இரண்டு முறை தூறல் விழுந்தது. மழைமானி உள்ளே இருந்ததால் அது கணக்கில் வரவில்லை. டிசம்பர் முடிவில் கோப்பில் நாற்பத்தெட்டு விண்ணப்பங்களும் நாற்பத்தெட்டு நன்றிகளும் இருந்தன. பொதுமக்களின் கோரிக்கைகளை நூற்றுக்கு நூறு நிறைவேற்றிய அலுவலகம் என்று திருமலைக்கு நற்சான்று வந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

அடுத்த மார்ச்சில் தெருக்கிணறு வற்றியது.

பட்டுக்கு இரண்டும் வேண்டும். தெருவில் இரண்டு மணி நேர வெயில். தறியில் ஏறிய பிறகு ஒரு மாத ஈரம். தறி தரையை ஒட்டி இருக்கும். நெய்பவர் தரையில் வெட்டிய குழிக்குள் கால்விட்டு உட்கார்வார். குழியின் ஈரம்தான் இழையை மிருதுவாக வைத்திருக்கும். அந்தக் குழி இப்போது வெடித்திருந்தது. தனகோடி குறுக்கிழையோடு ஓடும் தறிநாடாவை ஒரு முறை தள்ளினால் இரண்டு இழைகள் அறுந்தன. முடிச்சுப் போட்டுவிட்டுத் தள்ளினால் மூன்று அறுந்தன. அவர் மனைவி குணசுந்தரி ஆற்றுக்குப் போய், மணலில் ஊற்றுத் தோண்டி, தகர டப்பாவால் மொண்டு, ஒரு நடைக்கு இரண்டு குடம் கொண்டுவந்தாள். பகலில் மூன்று நடை. குடிப்பதற்குப் போக மிஞ்சியதைக் குழியில் தெளித்தாள். பத்து நிமிஷத்தில் மண் அதைக் குடித்தது.

தண்ணீர் லாரி விடப்போவதாக அறிவிப்பு வந்தது. பாதிக்கப்பட்ட தெருக்களின் பட்டியலை வானிலைத் தொடர்பு அலுவலகம்தான் தயாரித்தது. பட்டியலில் பாவடித் தெரு இல்லை. லாரி அவர்கள் தெரு வழியாகத்தான் அடுத்த தெருவுக்குப் போனது. அதன் குழாயில் சொட்டிய தண்ணீர் தெரு நடுவே ஒரு கோடு போட்டது. லாரி திரும்பி வருவதற்குள் கோடு காய்ந்துவிடும்.

எதிர்வீட்டுப் பொன்னியம்மாள் வாசலில் நின்று சொன்னாள். "கேட்டது நீ, எழுதனது நீ, வெத்தல பாக்கு குடுத்ததும் நீ. இப்போ தண்ணி தூக்கறது மட்டும் நாங்களா தனகோடி?"

தனகோடி அலுவலகம் போனார்.

லாரி வறட்சியால் பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான் என்று திருமலை விளக்கினார். பாவடித் தெரு வறட்சியால் பயனடைந்த தெரு. கோப்பில் அப்படித்தான் இருக்கிறது.

"நாங்க கேட்டது ரெண்டு மணி நேரங்க" என்றார் தனகோடி. "காலைல மட்டும். ஓரத்துல எழுதியிருக்கேன்."

இன்னாசிமுத்து கோப்பைத் திறந்து முதல் தாளைத் தூக்கிப் பிடித்தார். துளை வழியாகத் தனகோடியைப் பார்த்தார். "இங்க நேரம் ஒண்ணும் இல்லியே" என்றார். போன வருஷத்தின் மற்ற நாற்பத்தேழையும் பார்த்தார். இன்னாசிமுத்து ஒழுங்கானவர். எல்லாத் துளையும் ஒரே இடத்தில் இருந்தன.

விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார் தனகோடி.

"கேட்டீங்க, குடுத்தோம். வாங்கிக்கினு கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார் திருமலை. "பெய்யாத மழையைத் திருப்பி வாங்கிக்க எந்தக் கடையிலயும் ரூல் இல்ல."

சரி, மழை வேண்டும் என்று புதிதாக ஒரு படிவம் தருகிறேன் என்றார் தனகோடி. ஒரே தெரு இரண்டையும் கேட்டால் வானிலை குழம்பிவிடும் என்று திருமலை மறுத்தார். மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றும் சொன்னார்.

மேலே எழுதினார். ஜூனில் சென்னையிலிருந்து மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. வட ஆர்க்காடு மாவட்டத்தில் மழை பொய்த்ததற்குக் காரணம் யார் என்று கண்டறிவது அதன் பணி. 'என்ன' என்பது பணியில் இல்லை. குழுவில் சூரியனுக்கு ஓர் உறுப்பினர், காற்றுக்கு ஓர் உறுப்பினர், கடலுக்கு ஓர் உறுப்பினர். கல்யாண மண்டபத்தில், மணமேடையில் மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மேசையில் மூன்று தம்ளர்களில் தண்ணீர் இருந்தது. தெரு முழுவதும் கீழே உட்கார்ந்து தம்ளர்களைப் பார்த்தது.

சூரிய உறுப்பினர்தான் குழுவின் தலைவர். அவர் முதலில் பேசினார்.

"சூரியன்மேல் புகார் எதுவும் இல்லை. வெயில் ஒரு நாளும் குறையவில்லை. நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும். நிலம் சூடானால் அங்கே காற்று மேலே எழும். அந்த இடத்துக்குக் கடற்காற்று உள்ளே வரும். பருவமழைக்கு அதுதான் வாசல். வாசலைத் திறந்து வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பது எங்கள் பொறுப்பில் வராது. இருபத்தாறு வருஷமாகச் சூரியனோடு பணியாற்றுகிறேன். அது ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. நான் அப்படி வந்திருக்கிறேன். அது வேறு விஷயம்."

காற்று உறுப்பினர் எழுந்தார். "காற்று ஒரு சுமைகூலி. கடல் தரும் ஆவியைச் சுமக்கும். மேலே ஏறும். அங்கே குளிர்ந்ததும் இறக்கி வைக்கும். சுமையே தராவிட்டால் எதை இறக்குவது? போன வருஷம் முழுவதும் காற்று வேலைக்கு வந்திருக்கிறது. வருகைப் பதிவேடு இருக்கிறது. வேலை நடந்ததா என்று பதிவேட்டில் கேட்கும் வழக்கம் எங்கள் பிரிவில் இல்லை."

கடல் உறுப்பினர் இளைஞர். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அதை விரித்தார். பசிபிக் பெருங்கடல் என்று ஒரு கடல் இருப்பதாகச் சொன்னார். அதன் கிழக்குக் கரையில், பெரு நாட்டுப் பக்கம், போன வருஷம் தண்ணீர் வழக்கத்துக்கு மேல் சூடாகிவிட்டது. கடல் எங்கே சூடாக இருக்கிறதோ அங்கே ஈரக்காற்று மேலே எழும். மேகம் அங்கே சேரும். மழையும் அங்கே. அந்த நாட்டில் வெள்ளத்தில் ஊர்கள் போயின. ஒரு பக்கம் காற்று எழுந்தால் இன்னொரு பக்கம் இறங்க வேண்டும். இறங்கும் காற்றில் மேகம் நிற்காது. போன வருஷம் அது நம் பக்கம் இறங்கியிருக்கலாம்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தனகோடிக்கு மூன்று மாதத்தில் முதல் முறையாக மூச்சு சீராக வந்தது. குணசுந்தரியிடம், "கேட்டியா, கடலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

தலைவர் கேட்டார். "அந்தக் கடல் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருக்கிறதா?"

"இல்லை."

"தமிழ்நாட்டில்?"

"இல்லை. வெகு தூரம்."

"அப்படியானால் அதற்குச் சம்மன் அனுப்ப முடியாது. சம்மன் அனுப்ப முடியாத ஒன்று எப்படிக் காரணமாக இருக்க முடியும்?"

கடல் உறுப்பினர் தாளைப் பார்த்தார். அவர் வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. பணி உறுதியாக இன்னும் ஒரு மாதம் பாக்கி. வங்கக் கடல் தன் கடமையைச் செய்தது என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்தார். தண்ணீரைக் குடித்தார்.

சூரியன், காற்று, கடல் மூன்றும் விடுவிக்கப்பட்டன. மிஞ்சியது பொதுமக்கள். திருமலை கோப்பை நீட்டினார். தலைவர் அதை மிகுந்த கவனத்தோடு படித்தார். மழை வேண்டாம் என்று எழுத்துமூலம் கேட்ட ஒரே நபர். கேட்டது கிடைத்தது என்று எழுத்துமூலம் ஒப்புக்கொண்ட ஒரே நபர். இவ்வளவு தெளிவான சாட்சியத்தைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார்.

தனகோடியை மேடைக்கு அழைத்தார்கள்.

"கையெழுத்து உங்களுடையதா?"

"ஆமாங்க. ஆனா..."

'ஆமாங்க' வரை எழுதிக்கொண்டார்கள்.

தலைவர் கடுமையானவர் அல்ல. நிலைமையைப் பொறுமையாக விளக்கினார். தனகோடி தெருவுக்காக எழுதினார் என்றால் தெருவே காரணம். காரணமானவர் பாதிக்கப்பட்டவர் ஆக முடியாது. லாரி வராது. தனகோடி தாமாக எழுதினார் என்றால் மற்ற நாற்பத்தொரு வீடுகளும் அவரால் பாதிக்கப்பட்டவை. லாரி வரும். எது உண்மை என்பதைத் தனகோடியே சொல்லலாம். குழு யாரையும் வற்புறுத்தாது. தாமாக எழுதியதாக ஒரு தாள் மேசையில் தயாராக இருந்தது.

தனகோடி கீழே பார்த்தார். முறை எழுதச் சொல்லி வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் தம்ளர்களைப் பார்த்தார்கள். பொன்னியம்மாள் முந்தானையின் நுனியைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போடாதீங்க" என்றாள் மேடைக்குக் கீழே வந்து நின்ற குணசுந்தரி.

"நீ எத்தினி நடைதான் நடப்பே" என்றார் தனகோடி.

"இப்பவும் நான்தானே நடக்கப்போறேன். அவங்க நடக்கமாட்டாங்க. அவ்ளோதான்."

அது சரிதான் என்று அவருக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல் அழகாக இருந்தது.

மறுநாள் அலுவலக வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். '1982ஆம் ஆண்டின் மழையின்மைக்குக் காரணம்: தனகோடி, நெசவாளர், பாவடித் தெரு, ஆரணி.' நாற்பத்தொரு வீடுகளுக்கு லாரி விடும் பரிந்துரை சென்னைக்குப் போனது. ஆணை வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். முறை எழுதும் வேலையைத் தெரு வேறொருவரிடம் கொடுத்தது. யாரும் கோபமாகப் பேசவில்லை. பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள்.

ஜூலையில் ஒரு விவசாயி வீடு தேடி வந்தார். படவேட்டுக்காரர். பெயர் அய்யாக்கண்ணு என்றார். உள்ளே வராமல் வாசற்படிக்குக் கீழேயே நின்றார். மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"எங்க ஊருக்கு மட்டும் வுட்டுடுங்க" என்றார். "ரெண்டு நாள் பேஞ்சா போதும். மாடு நிக்க முடியாம படுத்துகினு கெடக்குது."

"நான் ஒண்ணும் பண்ணலிங்க."

"போர்டுல படிச்சாங்களே. கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமா."

"அப்ப நிறுத்தத் தெரிஞ்சவருக்கு வுடத் தெரியாதா? நான் உங்கள ஒண்ணும் கேக்கல. எதுக்கு நிறுத்தனீங்கன்னு கேட்டனா? உங்களுக்கு ஆயிரம் இருக்கும். ரெண்டு நாளு."

தனகோடி கடலைப் பற்றிச் சொல்ல முயன்றார். பெரு என்ற நாட்டைப் பற்றிச் சொன்னார். அங்கே தண்ணீர் சூடானதால் இங்கே மாடு படுத்துவிட்டது என்று தன் வாயால் சொல்லும்போது அவருக்கே அது பொய்யாகக் கேட்டது. அய்யாக்கண்ணு தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டார். தன்னிடம் பணம் இல்லையென்று ஒரு பணக்காரர் சொல்லும்போது ஏழை கேட்பதைப்போலக் கேட்டார். பிறகு பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். ஒரு வாரம் கழித்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். தனகோடி கதவைத் திறக்கவில்லை.

ஆகஸ்டில் இழைகளை முடிந்து முடிந்து பாதிப் புடவை நெய்திருந்தார். குணசுந்தரியின் மூன்று நடை நான்காகியிருந்தது. ஊற்று ஆழத்துக்குப் போய்விட்டது.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி காலை ஆணை வந்தது. பாவடித் தெருவின் நாற்பத்தொரு வீடுகளுக்குத் தொண்ணூறு நாட்கள், வீட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு குடம். அன்று பிற்பகல் மழை வந்தது.

அது சாதாரண மழை இல்லை. ஒன்றரை வருஷம் காய்ந்த மண் முதல் அரைமணி நேரம் குடித்தது. பிறகு குடிக்க முடியாமல் துப்பியது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. மறுநாள் காலையிலும் மழை நிற்கவில்லை. தண்ணீர் லாரி முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகத் தெருவுக்குள் வந்தது.

இன்னாசிமுத்து குடைபிடித்து இறங்கினார். பட்டியலை பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். தண்ணீர் வாங்காத வீடு பாதிக்கப்படாத வீடாகக் கருதப்படும் என்று வாசித்தார். அந்த வீட்டின் பெயர் இனி எந்த நிவாரணப் பட்டியலிலும் இருக்காது. வறட்சி டிசம்பர் வரை ஒப்புதல் ஆகியிருப்பதாகவும் சொன்னார். மழை பற்றி யாரோ கேட்டார்கள். அதற்குத் தனி ஆணை வர வேண்டும் என்றார்.

நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்கும்போதே குடங்கள் மழையில் நிறைந்தன. லாரிக் குழாயடிக்கு வந்ததும் அதைக் கவிழ்த்துவிட்டு லாரித் தண்ணீரைப் பிடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு குடம். கையெழுத்து. வரிசை தெருமுனைவரை இருந்தது. அவர்களுடைய வீடுகளில் தறிக்குழிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. எல்லாருக்கும் அது தெரியும். பொன்னியம்மாள் இரண்டு முறை தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையை விட்டுப் போகவில்லை.

நிற்க வேண்டாதவர் தனகோடி ஒருவர்தான். ஆகவே குழியை இறைக்க அவருக்கு நேரம் இருந்தது. தண்ணீர் இன்னும் பாவைத் தொடவில்லை. ஒரு சாண் பாக்கி. பாதிப் புடவையைத் துணியால் சுற்றி மேலே தூக்கிக் கட்டியிருந்தார். குணசுந்தரி குழிக்குள் இறங்கி மொண்டு கொடுத்தாள். அவர் வாங்கி வந்து வாசலில் கொட்டினார். இருபது குடம் கொட்டியிருப்பார்.

இன்னாசிமுத்து குடையோடு வந்து நின்றார்.

"இந்தத் தண்ணி எந்த ஆர்டர்ல வந்துது?"

"மழைங்க."

"உங்க வீட்டுக்கு அனுமதி இல்லியே."

"நான் வாங்கலிங்க. அதுவா வந்துது."

இன்னாசிமுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். குழியைப் பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்ற குணசுந்தரியைப் பார்த்தார். பட்டியலில் இல்லாத ஒரு வீட்டில், பட்டியலில் இருக்கும் எந்த வீட்டுக்கும் ஆணைப்படி கிடைக்காத அளவு தண்ணீர். அவருடைய முகம் வருத்தமாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை.

"வெளிய கொட்டாதீங்க தனகோடி" என்றார். "அப்புறம் சாட்சிய அழிச்சிட்டீங்கன்னு ஆயிடும். ஆபீசர் வந்து அளந்து பாக்கட்டும். அது வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

"எப்ப வருவாருங்க?"

"லீவு. திங்கக்கெழம வருவாரு."

அன்று செவ்வாய்க்கிழமை.

கையில் ஒரு குடம் மீதி இருந்தது. தனகோடி அதைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். வரிசை ஓர் அடி நகர்ந்தது. குணசுந்தரி உள்ளிருந்து, "குடத்தக் குடுங்க, ஜல்தி" என்றாள்.

தனகோடி உள்ளே போனார். குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். குடத்தில் இருந்ததை, சிந்தாமல், குழிக்குள் திருப்பி ஊற்றினார்.